கிரீன் கார்டுக்குப் பணம் கட்டியவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா?

வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு நம் தங்கவயல் தமிழர்களிடையே குறைந்துகொண்டே வருகிறது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள், பிறகு விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய்ப் படித்தார்கள். கம்ப்யூட்டர் கற்றார்கள். அங்கிருந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று கிளம்பினார்கள். தாத்தா பூமிக்குக் கீழே இறங்கிச் சம்பாதித்தார், பேரன் ஆகாயத்தில் பறந்து சம்பாதிக்கிறான் என்று நாமும் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் அந்தப் பேரன்களுக்கும் ஒரு கவலை உண்டு. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவருக்கு வேலை போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே நிரந்தரமாக வசிக்க கிரீன் கார்டு வேண்டும். வேலையின் பேரில் கிரீன் கார்டு கேட்டு நிற்கும் இந்தியர்களின் வரிசையோ பத்துப் பதினைந்து வருஷம் நின்றாலும் நகராத வரிசை. ஆகவே கையில் கொஞ்சம் வசதி சேர்ந்தவர்கள், பணத்தை முதலீடு செய்து கிரீன் கார்டு பெறும் ஈ.பி.-5 என்ற திட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

இதே சமயத்தில் பெங்களூர்-சென்னை விரைவுச் சாலை எங்கள் பேத்தமங்களா பக்கமாக வந்தது. சாலை வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறுவது இயற்கைதானே! "நிலத்தை விற்றுப் பையனுக்கு அனுப்பலாமா சார்?" என்ற கேள்வி இப்போது டீக்கடை பெஞ்சு வரை வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த ஏஜென்ட் ஒருவர், "தாமதமானால் கவலையே வேண்டாம். அங்கே கோர்ட்டில் ஒரு கேஸ் போட்டால் மூன்றே மாதத்தில் கார்டு கைக்கு வந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனதாக நண்பர் ஒருவர் சொன்னார். இது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி முழு நிலத்தையும் விற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்ணித்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. டிப்ளமா படித்து ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டத்தைப் படித்துப் புரிந்துகொண்டதை, நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

திட்டம் என்ன?

அமெரிக்க நாடாளுமன்றம் 1990ஆம் ஆண்டு இயற்றிய குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது இத்திட்டம். அன்று முதலீட்டுத் தொகை 10 லட்சம் டாலர். பின்தங்கிய பகுதியில் போட்டால் 5 லட்சம் டாலர். அந்த முதலீட்டால் அமெரிக்காவில் 10 பேருக்கு முழு நேர வேலை கிடைக்க வேண்டும். 1992இல், பலர் சேர்ந்து ஒரே பெரிய திட்டத்தில் முதலிடும் 'ரீஜனல் சென்டர்' முறை வந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி வந்த சீர்திருத்தச் சட்டம் தொகையை 10,50,000 டாலராகவும், பின்தங்கிய பகுதிகளுக்கு 8 லட்சம் டாலராகவும் உயர்த்தியது. 2027 ஜனவரியிலும், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும் விலைவாசிக்கேற்ப மாற்ற வேண்டும் என்றும் அச்சட்டமே கூறுகிறது.

8 லட்சம் டாலர் என்றால் நம் பணத்தில் சுமார் 7 கோடி ரூபாய். பென்ஷன் வாங்கும் நமக்கு இது கதையில் கேட்கும் தொகைதான். ஆனால் பிள்ளையின் சேமிப்பு, மருமகளின் சேமிப்பு, அங்கே வாங்கிய வீட்டின் மேல் கடன், இங்கே விற்ற நிலம் என்று நாலு ஓடையும் சேர்ந்தால் தொகை தேறிவிடுகிறது. நாலு ஓடையும் ஒரே இடத்தில் சேர்வதால்தான் அங்கே ஏதாவது ஆனால் வீடு முழுவதும் காய்கிறது.

மனு ஏற்கப்பட்டு விசா எண்ணும் கிடைத்தால், முதலில் இரண்டு வருஷத்துக்கு நிபந்தனையுடன் கூடிய கிரீன் கார்டு கிடைக்கும். வேலைவாய்ப்பு உண்டானதை நிரூபித்து இன்னொரு மனுப் போட்டால் நிபந்தனை நீங்கும். ஆக, தாமதம் ஓரிடத்தில் அல்ல, மூன்று இடத்தில் வரலாம்: முதல் மனுவில், விசா எண்ணில், நிபந்தனை நீக்கும் மனுவில். (2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அறிவித்த 'கோல்ட் கார்டு' வேறு. அது முதலீடு அல்ல, அந்நாட்டு அரசுக்குக் கொடுக்கும் நன்கொடை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அவுட்டரில் நிற்கும் வண்டி

ரயில் பயணம் செய்த அனைவரும் இதை அனுபவித்திருப்பீர்கள். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி அவுட்டரில் நின்றுவிடுகிறது. காரணம் இரண்டில் ஒன்று. பிளாட்பாரம் காலியாக இருந்தும் சிக்னல் கொடுக்க வேண்டியவர் கவனிக்காமல் இருக்கலாம். அல்லது பிளாட்பாரமே காலி இல்லாமல் இருக்கலாம். முதல் காரணமானால் டிரைவர் நீளமாக விசில் கொடுப்பார், சிக்னல் இறங்கும். இரண்டாவது காரணமானால் விடிய விடிய ஊதினாலும் வண்டி நகராது, நகரவும் கூடாது.

ஈ.பி.-5 தாமதமும் இப்படித்தான். அதிகாரியின் மேஜையில் மனு பிரிக்கப்படாமல் கிடப்பது ஒருவகைத் தாமதம். விசா எண்ணே இல்லாமல் வரிசையில் நிற்பது இன்னொரு வகை. கோர்ட்டு கேஸ் என்பது விசில். முதல் வகைக்கு அது உதவலாம். இரண்டாவது வகைக்கு உதவாது. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

விசா எண் ஏன் இல்லாமல் போகிறது? ஈ.பி.-5க்கு ஒரு வருஷத்துக்குக் கிடைப்பது உலகம் முழுமைக்கும் சுமார் 10,000 விசாக்கள்தான். முதலீட்டாளர் மட்டுமல்ல, மனைவியும் பிள்ளைகளும் இந்தக் கணக்கிலேயே வருவார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு நாலு விசா போய்விடும். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் சாதாரணமாகக் கிடைக்காது. மற்ற நாட்டார் பயன்படுத்தாமல் விட்டது மீந்தால்தான் அதிகம் பிறந்த நாட்டாருக்கு வரும். எங்கள் பேத்தமங்களா ஏரி நிரம்பிக் கோடி போனால்தான் பாலாற்றில் கீழே உள்ள ஏரிக்குத் தண்ணீர் என்பது போல. இந்தியர்களுக்கு இந்தப் பிரிவில் முதன்முதலாக வரிசை உண்டானது 2019இல். அதற்குப் பின் வரிசைத் தேதி முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கிறது.

2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தனி வாய்க்காலையும் வெட்டிக் கொடுத்தது. கிராமப்புறத் திட்டங்களுக்கு 20 சதவீதம், வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த பகுதிகளுக்கு 10 சதவீதம், அரசு கட்டுமானத் திட்டங்களுக்கு 2 சதவீதம் விசாக்களை ஒதுக்கியது. அமெரிக்காவுக்குள் ஏற்கெனவே முறையான விசாவில் இருப்பவர், தம் பிரிவில் வரிசை இல்லாவிட்டால், முதலீட்டு மனுவோடு கிரீன் கார்டு மனுவையும் சேர்த்தே போடலாம் என்றும் அனுமதித்தது. அப்படிப் போட்டால் காத்திருக்கும் காலத்தில் வேலை செய்யத் தனி அனுமதி வாங்கலாம். எச்-1பி பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி.

கேஸ் என்றால் என்ன கேஸ்?

நம் நாட்டில் அரசு அலுவலகம் மனுவைக் கிடப்பில் போட்டால் என்ன செய்கிறோம்? அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுகிறோம். நீதிபதி, "இவருடைய மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவு சொல்" என்று உத்தரவிடுவார். "இவர் கேட்டதைக் கொடு" என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார். இதற்கு மாண்டமஸ் என்று பெயர்.

அமெரிக்காவிலும் அதே மாண்டமஸ்தான். அரசு அதிகாரியைத் தன் கடமையைச் செய்யும்படி கட்டளையிடும் அதிகாரத்தை, 1962ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள மாவட்ட ஃபெடரல் நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. அதற்கும் முந்திய 1946ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டம், அரசுத் துறைகள் நியாயமான காலத்துக்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்றும், நியாயமற்ற தாமதம் ஏற்பட்டால் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் கூறுகிறது. வழக்கறிஞர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கேஸ் போடுகிறார்கள். கோர்ட்டுக் கட்டணம் 405 டாலர். வக்கீல் கட்டணம் தனி, அதுதான் பெரிது. நோட்டீஸ் சேர்ந்தபின் அரசுத் தரப்புக்குப் பதில் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு.

ஏஜென்ட் சொன்ன பாதி உண்மை பிறப்பது இந்த 60 நாளில்தான். பதில் மனு எழுதி வாதாடுவதைவிட, ஃபைலைப் பிரித்து முடிவு சொல்லிவிட்டால் கேஸ் தானே முடிந்துவிடும் அல்லவா? ஆகவே கேஸ் போட்டவுடன் சில மனுக்கள் சுறுசுறுப்பாக நகர்வதுண்டு. ஆனால் 'முடிவு' என்பது 'சம்மதம்' என்று யார் சொன்னது? நிராகரிப்பும் முடிவுதான். காகிதம் பலவீனமாக உள்ள மனுவுக்குக் கேஸ் போடுவது, டிக்கெட் இல்லாதவர் டி.டி.ஆரைத் தாமே கூப்பிடுவது போன்றது.

நீதிபதிகள் சொன்னது

எத்தனை வருஷம் காத்தால் 'நியாயமற்ற தாமதம்'? சட்டத்தில் நாள் கணக்கு இல்லை. குடியேற்ற மனுக்கள் 180 நாளில் முடிய வேண்டும் என்பது நாடாளுமன்றத்தின் எண்ணம் என்று ஒரு சட்டப் பிரிவு உண்டு. ஆனால் அது எண்ணம்தான், கட்டளை அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறிவிட்டன. 1984ஆம் ஆண்டு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொலைத்தொடர்பு சம்பந்தமான ஒரு வழக்கில் ஆறு அளவுகோல்களை வகுத்தது. இன்றுவரை தாமத வழக்குகள் எல்லாம் அதைக் கொண்டே அளக்கப்படுகின்றன. துறை ஏதாவது ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகிறதா, தாமதத்தால் மனித வாழ்வுக்கு என்ன பாதிப்பு, இவரை முன்னே விட்டால் வரிசையில் நிற்கும் மற்றவருக்கு என்ன ஆகும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

கடைசியாகச் சொன்னதுதான் பல வழக்குகளைக் கவிழ்த்துவிட்டது. 2020 மார்ச் 31 முதல் அமெரிக்கக் குடியேற்றத் துறை ஈ.பி.-5 மனுக்களை வந்த வரிசைப்படி எடுப்பதை விட்டு, விசா எண் கிடைக்கக்கூடிய நாட்டவரின் மனுக்களை முதலில் எடுக்கும் முறைக்கு மாறியது. நான்கு வருஷத்துக்கு மேல் காத்திருந்த முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், துறை ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகிறது, இவர்களை முன்னே விட்டால் வேறு யாரோ பின்னே தள்ளப்படுவார்கள் என்று கூறி அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மற்ற மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் தீர்ப்புகள் இரு பக்கமும் உண்டு. ஆனால் வாஷிங்டன் தீர்ப்பைத் தாண்டித்தான் எந்த வக்கீலும் வாதாட வேண்டியிருக்கிறது.

நீதிமன்றம் கை கொடுத்த சந்தர்ப்பமும் உண்டு. 2022 மார்ச்சில் புதிய சட்டம் வந்ததும், பழைய ரீஜனல் சென்டர்கள் அனைத்தும் அங்கீகாரம் இழந்துவிட்டன, எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று துறை அறிவித்தது. கலிஃபோர்னியா ஃபெடரல் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் அந்த அறிவிப்புக்குத் தடை விதித்தது. ஆகஸ்டில் துறை சமரசத்துக்கு வந்தது. வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே துறை மெதுவாக வேலை செய்தது என்பதல்ல வழக்கு, சட்டம் சொல்லாததைச் செய்தது என்பது வழக்கு.

அதற்கு முந்திய வருஷம், 2021 ஜூன் 30ஆம் தேதி, ரீஜனல் சென்டர் முறையை நீட்டிக்கும் சட்டம் காலாவதியாகி ஒன்பது மாதம்போல் மனுக்கள் முடங்கிக் கிடந்தன. சட்டமே இல்லாதபோது நீதிபதி எதைக் கொண்டு உத்தரவிடுவார்? இந்த அனுபவத்தால்தான், 2026 செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் போட்ட மனுக்களுக்குப் பின்னர் திட்டம் நின்றுபோனாலும் பாதுகாப்பு உண்டு என்று 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள்.

கனடாவும் போர்ச்சுகலும்

வரிசையில் நிற்பவனுக்கு உள்ள பெரிய ஆபத்து தாமதம் அல்ல, வரிசையே கலைக்கப்படுவதுதான். கனடா நாட்டில் 1986 முதல் முதலீட்டாளர் குடியேற்றத் திட்டம் இருந்தது. மனுக்கள் மலையாகக் குவிந்தன. காத்துக் காத்துச் சலித்த நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் சீனர்கள், ஒட்டாவாவில் ஃபெடரல் நீதிமன்றத்தை அணுகினார்கள். ஒரு வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைப்பது அமைச்சரின் அதிகாரம், அதனால் ஏற்பட்ட தாமதம் நியாயமற்றதல்ல என்று 2014இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே 2014இல் அரசாங்கம் சட்டம் இயற்றி, அவ்வாண்டு பிப்ரவரி 11ஆம் தேதிக்குள் தேர்வு முடிவாகாத மனுக்களை ஒரேயடியாக முடித்துவைத்துக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணம் திரும்பியது. காத்திருந்த வருஷங்கள் திரும்பவில்லை.

போர்ச்சுகல் நாட்டுக் கதை வேறு மாதிரி. 2012இல் அவர்கள் தொடங்கிய 'கோல்டன் விசா' திட்டத்தில் நம் நாட்டவரும் முதலிட்டார்கள். குடியிருப்பு அனுமதி மனுவுக்கு 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. நடந்ததோ வருஷக்கணக்கான காத்திருப்பு. 2023 அக்டோபர் 29ஆம் தேதி பழைய குடியேற்றத் துறையைக் கலைத்து 'ஐமா' என்ற புதிய அமைப்பை உண்டாக்கினார்கள். லட்சக்கணக்கான முடியாத மனுக்கள் புதிய அமைப்பின் தலையில் விழுந்தன. மக்கள் லிஸ்பன் நிர்வாக நீதிமன்றத்தில் அவசர வழக்குகள் போட்டார்கள். இப்படி அவசர வழக்குப் போடலாம் என்று 2024இல் உச்ச நிர்வாக நீதிமன்றமும் வழி திறந்துவிட்டது. நாள் கணக்கு சட்டத்திலேயே இருந்ததால் அங்கே நீதிபதியின் கை ஓங்கியது. ஆனால் வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்ததும் அந்த நீதிமன்றமே திணறிப்போனது. அலுவலகத்தில் இருந்த வரிசை கோர்ட்டு வாசலுக்கு இடம் மாறிற்று, அவ்வளவுதான்.

நம் தமிழ் இனத்துக்கு இந்தக் காத்திருப்பு புதிதும் அல்ல. இலங்கையின் 1949ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் உள்ளிட்ட சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போடப்பட்டன. 1964இல் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் வரும்போது குடியுரிமை கிடைத்திருந்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். அவர்கள் போட்டது பணம் அல்ல, உழைப்பு. காகிதத்துக்காகக் காத்திருப்பவனின் மனவேதனை இரு தரத்தாருக்கும் ஒன்றுதான் என்றாலும், மாற்று வழி உள்ளவன், அது இல்லாதவனை ஒருகணம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

பிள்ளைக்கு 21 வயது ஆகும் முன்

கேஸ் போடுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் அவசியம் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பெற்றோரோடு சேர்த்து கிரீன் கார்டு பெறப் பிள்ளை 21 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். காத்திருக்கும்போதே 21 தாண்டிவிட்டால் பெற்றோருக்குக் கார்டு, பிள்ளைக்கு இல்லை என்ற விபரீதம் நேரும். இதைத் தவிர்க்கத்தான் 2002ஆம் ஆண்டில் பிள்ளைகளின் வயதைக் காக்கும் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி, முதலீட்டு மனு அதிகாரியின் மேஜையில் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். மனு ஏற்கப்பட்டபின் விசா எண்ணுக்காக வரிசையில் நிற்கும் நாட்களைக் கழிக்க முடியாது.

இதன் பொருள் என்ன? ஓர் உதாரணம் பார்ப்போம். மகனுக்கு 19 வயது ஆனபோது மனுப் போட்டார்கள். மனு மேஜையில் மூன்று வருஷம் கிடந்தது. இப்போது அவனுக்கு 22. விசா எண் தயாராக இருந்தால் மூன்றைக் கழித்து 19 என்று கணக்கிடுவார்கள், தப்பித்தான். அதே மனுவைக் கேஸ் போட்டு ஒரே வருஷத்தில் முடித்து, பிறகு விசா எண்ணுக்காக மூன்று வருஷம் நின்றால்? வயது 23, கழிப்பது ஒன்று, மிச்சம் 22. பையன் வெளியே! ஆக, விசா வரிசை நீளமாக இருக்கும் பிரிவில், மனு மேஜையில் தூங்குவதே சில பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. அவசரப்பட்டு விசில் ஊதி, நாமே பிள்ளையின் வயதை ஓடவிடக் கூடாது. வரிசை இல்லாத பிரிவில் இந்தப் பயம் இல்லை. எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று பார்க்காமல் "கேஸ் போடு" என்று சொல்லும் ஆலோசகரை நம்ப வேண்டாம்.

தாமதம் நம் வீட்டிலிருந்தே கிளம்பலாம்

பணம் நேர்மையாக வந்தது என்பதை முதலீட்டாளர் பைசா பைசாவாக நிரூபிக்க வேண்டும். அப்பா நிலம் விற்று அனுப்பினார் என்றால், அந்த நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து கேள்வி தொடங்கும். பாகப்பிரிவினைப் பத்திரம், பஹணி, வில்லங்கச் சான்று, கிரயப் பத்திரம், வருமானவரிக் கணக்கு, பாங்கு பாஸ்புத்தகம் அத்தனையும் வேண்டும். கன்னடத்தில் உள்ளவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றளிக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ரொக்கமாக இன்னொரு தொகை என்று விற்றவருக்கு அந்த ரொக்கம் இந்தத் திட்டத்தில் செல்லாக்காசு. காகிதம் குறைந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், மாதங்கள் ஓடும். அந்தத் தாமதத்துக்கு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

பணம் அனுப்புவதற்கும் அளவு உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். இந்த அளவு 2015இல் வந்தது. கணவன் மனைவி இருவர் பேரிலும் சொத்து இருந்தால், மார்ச்சில் ஒருமுறையும் ஏப்ரலில் ஒருமுறையும் முறைப்படி அனுப்புவோர் உண்டு. 2025 ஏப்ரல் முதல், இப்படி முதலீட்டுக்கும் அன்பளிப்பாகவும் அனுப்பும் பணத்தில் வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிசெய்து திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை அத்தொகை கையில் இருக்காது. நல்ல ஆடிட்டரைக் கேட்காமல் காரியத்தில் இறங்க வேண்டாம்.

முதலீட்டுத் திட்டமே மோசடியாக இருக்கும் ஆபத்தும் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தில் ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டத்தில் பல நாட்டு ஈ.பி.-5 முதலீட்டாளர்கள் பணம் போட்டிருந்தார்கள். அதை நடத்தியவர்கள் மீது 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் மோசடி வழக்குத் தொடர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் தாமத வழக்குப் போட்டு என்ன பயன்? மனுவின் வேகத்தைவிடத் திட்டத்தின் நாணயம் முக்கியம்.

அப்படியானால் எப்போது கேஸ் போடலாம்?

இதுவரை சொன்னதைத் தொகுத்தால் நாலு கேள்விகள் கிடைக்கும். நிலத்தின் பத்திரத்தை எடுக்கும் முன்னரும், வக்கீலுக்கு முன்பணம் கொடுக்கும் முன்னரும் இவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்று: நம் பிரிவில், நம் தேதிக்கு விசா எண் இப்போது இருக்கிறதா? அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா அறிக்கை வெளியிடுகிறது. எண் இல்லையென்றால் கேஸ் வீண்.

இரண்டு: துறையே அறிவித்துள்ள சராசரிக் காலத்தை நம் மனு தாண்டிவிட்டதா? நமக்குப் பின்னால் அதே திட்டத்தில் முதலிட்டவர்களுக்கு முடிவு வந்து நமக்கு மட்டும் வரவில்லையா? அப்படியானால் நம் பக்கம் வலுவானது. வரிசையை அவர்களே மீறியிருக்கிறார்கள் என்று காட்டலாம்.

மூன்று: நம் காகிதங்கள் முழுமையாக உள்ளனவா? நாளைக்கே ஃபைலைப் பிரித்தால் 'சரி' என்று கையெழுத்துப் போடும்படி இருக்கிறதா?

நாலு: வீட்டில் 21 வயதை நெருங்கும் பிள்ளை உண்டா? வயதுக் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது?

நாலுக்கும் சாதகமான பதில் என்றால், முதலில் துறைக்கே எழுத்துமூலம் கேட்க வேண்டும். பையன் வசிக்கும் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் மூலம் விசாரிக்கச் சொல்லலாம். அங்கே அது சாதாரண நடைமுறை, சிபாரிசு அல்ல. எழுதிய தேதிகளையும் வந்த பதில்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் தயங்காமல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கேஸ் போடுவது சட்டம் கொடுத்த உரிமை. அதனால் அதிகாரி கோபித்துக்கொள்வாரே என்று பயப்படத் தேவையில்லை. தங்கவயல் தொழிலாளியின் பிள்ளைக்கு உரிமைக்காகப் போராடுவதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. சுரங்கம் மூடப்பட்ட பிறகு நம் சங்கங்கள் உயர் நீதிமன்றப் படியும் உச்ச நீதிமன்றப் படியும் ஏறியதை நாம் அறிவோம். அந்தப் படிகளில் நாம் கற்ற பாடம், கோர்ட்டு நியாயத்தைத் தரும், ஆனால் இல்லாத தங்கத்தைத் தோண்டித் தராது என்பதுதான்.

பேத்தமங்களாவிலும் பங்காருப்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் உள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் எதிர்காலத்துக்காக நிலத்தை விற்பது தவறல்ல. நம் முன்னோர்கள் வட ஆற்காட்டிலும் சேலத்திலும் இருந்ததை விட்டுவிட்டுத்தான் இந்தச் சிவப்பு மண்ணுக்கு வந்தார்கள். ஆனால் குடியிருக்கும் வீட்டையும், மருத்துவச் செலவுக்கு வைத்த டெபாசிட்டையும் இதில் சேர்க்க வேண்டாம். முதலீட்டுப் பணம் எத்தனை வருஷம் முடங்கும் என்று எந்த ஏஜென்டும் எழுதிக் கொடுக்க மாட்டார். அவர் வாயால் சொல்வதை, "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் கொடுக்கும் பதிலிலிருந்தே உங்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.